வாரண்டியில் இருக்கும் பாய்லர் ஒழுகினால்: எந்தத் தண்ணீர், யார் பொறுப்பு

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். லண்டன் ஹாரோவில் சொந்த வீடு. மூன்று வருடத்துக்கு முன் போட்ட காம்பி பாய்லர் (ஹீட்டிங்குக்கும் குழாயில் வரும் சுடுதண்ணீருக்கும் ஒரே பெட்டி), ஏழு வருட வாரண்டி. கொஞ்ச நாளாக அடியில் தண்ணீர் சொட்டுகிறது, பிரஷர் முள்ளும் இறங்கிக்கொண்டே வருகிறது. கம்பெனிக்குப் போன் செய்தால் போட்டவரைக் கூப்பிடச் சொல்கிறார்கள், போட்டவரோ வாரண்டி கம்பெனியுடையது என்று கைவிரிக்கிறார். இதில் நடுவில் ஒரு வருடம் சர்வீஸ் வேறு விட்டுப்போயிருக்கிறது. என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்த வேலையிலேயே பல வருடமாக இருப்பவன் என்பதால் ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: போனில் எவ்வளவு சத்தம் போடுகிறோம் என்பதை வைத்து வாரண்டி கிடைப்பதில்லை. ஒழுகும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தவருக்குத்தான் சீக்கிரம் வேலை நடக்கிறது. பாய்லருக்கு அடியில் விழும் தண்ணீர் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும், ஆனால் அது வரும் இடத்தைப் பொறுத்து பொறுப்பு கம்பெனிக்கோ, போட்டவருக்கோ, உங்களுக்கோ போகும்.

அதற்கு முன்னால் இன்று இரவுக்கு வேண்டியது. பாய்லருக்குப் பக்கத்துச் சுவரில் ஃப்யூஸ் வைத்த ஒரு சுவிட்ச் இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். பெரும்பாலான காம்பிகளில் எலக்ட்ரானிக் போர்டு கீழ்ப்பகுதியில்தான் இருக்கிறது, மேலேயிருந்து வடிகிற தண்ணீர் அதில் இறங்கினால் ஒரு ரப்பர் வளையத்தோடு முடிந்திருக்க வேண்டிய பழுது போர்டையும் சேர்த்து மாற்றுவதில் போய் நிற்கும். அடியில் ஒரு பாத்திரம் வையுங்கள், ஒரு மணி நேரத்தில் எவ்வளவு சேர்கிறது என்று பார்த்து எழுதி வையுங்கள், போட்டோவும் வீடியோவும் எடுங்கள். தண்ணீர் பாய்லரின் தலைப்பக்கத்தில், புகைக்குழாய் சேரும் இடத்திலிருந்து வடிகிறது என்றால் அது வேறு விஷயம், அந்த இணைப்பு வழியாக எரிந்த வாயுவும் வீட்டுக்குள் வரலாம், ஆள் வந்து பார்க்கும்வரை பாய்லரை மறுபடி போடவே கூடாது. கேஸ் வாசனை வந்தாலோ கார்பன் மோனாக்சைடு அலாரம் அடித்தாலோ ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே போய் 0800 111 999 எண்ணுக்கு அழையுங்கள், நாள் முழுவதும் எடுப்பார்கள்.

பாய்லர் மூடியை மட்டும் நீங்கள் கழற்றாதீர்கள். யூடியூபில் ஸ்க்ரூவைக் கழற்றிக் காட்டுகிறார்கள், உண்மைதான், ஆனால் பல மாடல்களில் அந்த மூடியே எரியும் அறையை வீட்டுக் காற்றிலிருந்து பிரிக்கும் சீல். அதைத் திறந்து வேலை செய்ய கேஸ் சேஃப் ரெஜிஸ்டரில், அதாவது கேஸ் வேலைக்குத் தகுதி பெற்றவர்களின் அதிகாரப்பூர்வப் பட்டியலில், பதிந்தவர்தான் வேண்டும். நீங்கள் திறந்ததாகத் தெரிந்தால் வாரண்டியை மறுக்க அதுவே போதும்.

சரி, தண்ணீருக்கு வருவோம். மூடியைத் தொடாமலே பார்க்கக்கூடிய சோதனைகள் சில உண்டு.

முதலில் வீட்டுக்கு வெளியே போய், பாய்லர் மாட்டிய சுவரில் 15 மில்லிமீட்டர் செம்புக் குழாய் ஒன்று வெளியே வந்து சுவரைப் பார்த்து வளைந்திருக்கிறதா என்று தேடுங்கள். அது பிரஷர் ரிலீஃப் வால்வின் குழாய். உள்ளே அழுத்தம் 3 பார் (பிரஷர் முள் காட்டும் அளவு) தாண்டினால் அந்த வால்வு திறந்து தண்ணீரை வெளியே தள்ளும். குழாயின் நுனி ஈரமாக இருந்தாலோ, கீழே சுவரில் கறை படிந்திருந்தாலோ, பிரஷர் இறங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். சந்தேகமாக இருந்தால் ஒரு சின்ன பிளாஸ்டிக் பையைத் தளர்வாகக் கட்டிவிட்டுக் காலையில் பாருங்கள். அதை ஒருபோதும் இறுக்கி அடைக்காதீர்கள், அது பாதுகாப்புக்கான வழி.

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் தவறான ரிப்பேர் அதிகம் நடக்கும் இடம் இதுதான். தண்ணீர் குளிரிலிருந்து 80 டிகிரி வரை சூடாகும்போது ஏறக்குறைய 3 சதவீதம் விரிகிறது. உங்கள் ரேடியேட்டர்களிலும் குழாய்களிலும் 100 லிட்டர் இருந்தால் 3 லிட்டர் அதிகமாகிறது, அதற்கு ஓர் இடம் வேண்டும். அந்த இடம்தான் எக்ஸ்பான்ஷன் வெசல், உள்ளே ஒரு ரப்பர் தடுப்பு, ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் 1 பாருக்கு ஒட்டிய அழுத்தத்தில் காற்று. கார் டயரில் இருக்கும் அதே மாதிரி வால்வுதான் அதிலும் இருக்கிறது, வருடங்கள் போகப் போக அந்தக் காற்று குறையும். காற்று போய்விட்டால் விரிகிற தண்ணீருக்குப் போக்கிடம் இல்லாமல் குளிர்ந்தபோது 1 பாரில் நின்ற முள் ஹீட்டிங் போட்டதும் 3 வரை ஓடுகிறது, ரிலீஃப் வால்வு திறக்கிறது, தண்ணீர் வெளியே போகிறது, குளிர்ந்ததும் முள் பூஜ்யத்தில் கிடக்கிறது. நீங்கள் மறுபடி நிரப்புகிறீர்கள், மறுபடி அதே கதை. ஒருமுறை திறந்த ரிலீஃப் வால்வு மூடும் இடத்தில் துரும்பு மாட்டிக்கொண்டு பிறகு சரியாக மூடாமலே சொட்டும். வருகிறவர் சொட்டுகிற வால்வை மட்டும் மாற்றிவிட்டு வெசலைப் பார்க்காமல் போனால் சில வாரத்தில் புது வால்வும் சொட்டத் தொடங்கும். அதனால் ரிலீஃப் வால்வை மாற்றுகிறேன் என்று யார் சொன்னாலும் வெசலின் காற்றழுத்தத்தை அளந்தீர்களா, எவ்வளவு இருந்தது என்று கேளுங்கள், அந்த எண்ணை ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லுங்கள். வெசல் ரப்பர் கிழிந்திருந்தால் அது பாகம் கெட்டது, வாரண்டியில் கேட்கலாம். காற்று மட்டும் குறைந்திருந்தால் அது சர்வீஸ் வேலை என்று சொல்லிக் காசு கேட்கும் கம்பெனிகளும் உண்டு.

ஹீட்டிங் அணைந்து குளிர்ந்திருக்கும்போதே முள் தானாக ஏறினால் காரணம் வேறு. தண்ணீர் நிரப்பும் வெள்ளி நிறப் பின்னல் குழாயின் வால்வு முழுதாக மூடாமல் இருக்கலாம், அல்லது பாய்லருக்குள் குழாய்த் தண்ணீரைச் சூடாக்கும் பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் ஓட்டை விழுந்து மெயின்ஸ் தண்ணீர் ஹீட்டிங் பக்கம் கசியலாம். நிரப்பும் குழாயைக் கழற்றி வைத்த பிறகும் முள் ஏறினால் இரண்டாவது காரணத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும், அது பாய்லருக்குள் இருக்கும் பாகம்.

அடுத்த சோதனை, ஒழுகுவது பாய்லரா வீட்டுக் குழாயா என்று பிரிப்பது. பாய்லர் அடியில் வரிசையாக வால்வுகள் இருக்கும், அதில் ஹீட்டிங் போகும் குழாய்க்கும் திரும்பி வரும் குழாய்க்கும் உள்ள இரண்டை, பாய்லர் அணைந்து நன்றாக ஆறிய பிறகு, ராத்திரி மூடிவிட்டு முள்ளின் நிலையைப் போட்டோ எடுத்து வையுங்கள். எது எந்த வால்வு என்பது மேனுவலில் படத்தோடு இருக்கும். காலையில் முள் இறங்கியிருந்தால் கசிவு பாய்லர் பக்கம். முள் அப்படியே நின்று, வால்வைத் திறந்து வைத்தால் மட்டும் இறங்கினால் கசிவு வீட்டுக் குழாயிலோ ரேடியேட்டரிலோ, தரைக்கு அடியிலோகூட இருக்கலாம். வால்வுகளைத் திறக்காமல் பாய்லரை மட்டும் போட்டுவிடாதீர்கள். இந்த இரண்டு போட்டோவும், நேரம் தெரியும்படி எடுத்தவை, கம்பெனியிடம் பேசும்போது பெரிய பலம்.

மூன்றாவது, வெள்ளை பிளாஸ்டிக் குழாய். 2005 ஏப்ரலிலிருந்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் புதிதாகப் போடும் கேஸ் பாய்லர்கள் பெரும்பாலும் கண்டன்சிங் வகையாகவே இருக்க வேண்டும் என்று விதி, அதாவது புகையில் இருக்கும் நீராவியைக் குளிரவைத்து அந்தச் சூட்டையும் எடுத்துக்கொள்பவை. அப்படிச் சேரும் தண்ணீர் லேசான அமிலம், பாய்லர் எரியும்போது அந்தக் குழாய் வழியாக வடிகாலுக்குப் போகும். எரியும்போது போவது சரி. பாய்லர் அணைந்து நெடுநேரம் ஆன பிறகும் அந்தக் குழாயில் தண்ணீர் நிற்காமல் வடிந்து, வேறெங்கும் ஈரமில்லாமல் பிரஷர் மட்டும் இறங்கினால், முதன்மை ஹீட் எக்ஸ்சேஞ்சர், அதாவது நெருப்பின் சூட்டை ஹீட்டிங் தண்ணீருக்கு மாற்றும் பாகம், உள்ளே ஒழுகுகிறது என்று சந்தேகிக்கலாம். அது விலை கூடிய பாகம், வாரண்டி எதற்காக இருக்கிறதோ அதற்கான பாகமும் அதுதான். குளிர்காலத்தில் வெளியே ஓடும் வெள்ளைக் குழாய் உறைந்து அடைத்து, உள்ளே களகள சத்தத்தோடு பாய்லர் நின்றால் அது பாய்லரின் குற்றம் இல்லை, குழாய் மெல்லியதாகவோ மூடாமலோ போட்டவரின் வேலை. வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி உருக்கலாம், கொதிக்கும் தண்ணீர் வேண்டாம்.

கடைசியாக, கண்ணுக்குத் தெரியும் இணைப்புகள். அடியில் உள்ள எல்லா நட்டுகளையும் துடைத்துவிட்டு ஒவ்வொன்றிலும் கிச்சன் டிஷ்யூ ஒரு துண்டு சுற்றி வையுங்கள். எந்த டிஷ்யூ முதலில் நனைகிறதோ அதைப் படம் எடுங்கள். பச்சை அல்லது வெள்ளைப் படிவு கட்டியிருந்தால் அங்கே ரொம்ப நாளாகக் கசிகிறது என்று அர்த்தம். டிஷ்யூக்கள் எல்லாம் காய்ந்திருந்து மூடியின் ஓரத்திலிருந்தே சொட்டினால், பம்ப் சீல், தானியங்கி காற்று வால்வு, பிளேட் எக்ஸ்சேஞ்சரின் வளையங்கள் இவற்றில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம், எல்லாமே உள்பாகங்கள்.

இப்போது பொறுப்பு யாருக்கு என்று பார்த்தால், மூடிக்குள் கெட்ட பாகம் கம்பெனிக்கு, மூடிக்கு வெளியே இருக்கும் இணைப்பும் குழாயும் போட்டவருக்கு. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மூன்றாவது வகை இருக்கிறது, வாரண்டி மறுக்கப்படுவது பெரும்பாலும் அதில்தான்: அழுக்கும் உப்பும். பழைய ரேடியேட்டர்களின் இரும்பு தண்ணீரில் துருப்பிடித்து மேக்னடைட் என்ற கருப்புச் சேறாகிப் பாய்லருக்குள் வந்து அடைக்கிறது. ஹாரோ, வெம்ப்ளி, ஈஸ்ட் ஹாம் என்று லண்டன் முழுக்க வருவது உப்புப் படியும் கடினத் தண்ணீர், அது எக்ஸ்சேஞ்சருக்குள் சுண்ணாம்பாகக் கட்டுகிறது. கம்பெனியிலிருந்து வருகிறவர் கருப்புத் தண்ணீரைப் பார்த்தால் இது எங்கள் பாகத்தின் குறை இல்லை, உங்கள் சிஸ்டத்தின் அழுக்கு என்று எழுதிவிட்டு வந்ததற்கும் பில் போடுவார். அந்த வாரண்டி நிபந்தனையில் அதற்கு இடமும் இருக்கும்.

ஆனால் அத்தோடு உங்கள் வழி அடைபடவில்லை. புது பாய்லர் போடும்போது பழைய சிஸ்டத்தைக் கழுவி, துருத்தடுப்பு மருந்து ஊற்றி, காந்த ஃபில்டர் போட வேண்டும் என்று பிஎஸ் 7593 என்ற பிரிட்டிஷ் தரவிதி சொல்கிறது, அதன் 2019 பதிப்பு ஃபில்டரையும் வருடாந்திர மருந்துச் சோதனையையும் வெளிப்படையாகவே கேட்கிறது. மூன்று வருடத்தில் சேறு கட்டியது என்றால் கழுவினாரா, மருந்து ஊற்றினாரா என்று போட்டவரைத்தான் கேட்க வேண்டும். பதில் அவர் வாயில் தேட வேண்டாம், மேனுவலின் கடைசியில் பெஞ்ச்மார்க் என்ற செக்லிஸ்ட் பக்கம் இருக்கிறது, கழுவியது, மருந்தின் பெயர், ஃபில்டர், கடினத்தண்ணீருக்குத் தடுப்பு எல்லாம் அங்கே அவர் கையால் எழுதிக் கையெழுத்திட்டிருக்க வேண்டும். அந்தப் பக்கம் வெறுமையாக இருந்தால் அதுவே உங்களுக்குச் சாட்சி.

காகிதங்களைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால், போன் எடுப்பதற்கு முன் இவற்றைத் தேடி வையுங்கள்: பாய்லரின் சீரியல் எண், வாரண்டி பதிவு செய்த உறுதி, போட்டவரின் பில், பெஞ்ச்மார்க் பக்கம், சர்வீஸ் ரசீதுகள். பாய்லர் போட்டால் அதை ஒரு மாதத்துக்குள் கவுன்சிலுக்குத் தெரியப்படுத்த வேண்டும், கேஸ் சேஃப் வழியாக அவர் அதைச் செய்திருந்தால் உங்களுக்கு ஒரு பில்டிங் ரெகுலேஷன் சான்றிதழ் தபாலில் வந்திருக்கும். தொலைந்திருந்தால் கேஸ் சேஃபிடமே கட்டணம் கட்டி நகல் வாங்கலாம். வரவே இல்லை என்றால் அவர் பதிவே செய்யவில்லை என்று பொருள், வீட்டை விற்கும்போதும் அது தலைவலி, இப்போதே கேட்டு வாங்குங்கள். வாரண்டியைக் கம்பெனியில் பதிவு செய்வதும் வழக்கமாக 30 நாளுக்குள் என்றுதான் இருக்கும். போட்டவர் பார்த்துக்கொள்வார் என்று நம்பி, பதிவே ஆகாமல் இருந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அதனால் போனில் முதல் கேள்வியாக சீரியல் எண்ணைக் கொடுத்து, என் வாரண்டி எந்தத் தேதி வரை என்று கேட்டுவிடுங்கள்.

விட்டுப்போன சர்வீஸ் விஷயம். வருடாவருடம் சர்வீஸ் செய்திருக்க வேண்டும் என்பது கிட்டத்தட்ட எல்லா வாரண்டியிலும் நிபந்தனை, அதை வைத்து மறுக்க அவர்களுக்கு உரிமை உண்டு. மறைக்க வேண்டாம், ரசீது கேட்பார்கள். அதற்குப் பதிலாக நடந்ததை நேராகச் சொல்லி, மற்ற இரண்டு சர்வீஸ் ரசீதையும் அனுப்பி, கெட்ட பாகம் பம்ப் சீலோ எக்ஸ்சேஞ்சரோ என்றால் அந்த ஒரு சர்வீஸ் நடந்திருந்தாலும் இது நின்றிருக்காது என்பதை எழுத்தில் வையுங்கள், நல்லெண்ணத்தின் பேரில் செய்து கொடுக்கும்படி கேளுங்கள். கேட்டுக் கிடைத்தவர்கள் இருக்கிறார்கள். இப்போதே புதிதாக ஒரு சர்வீஸ் போட்டுவிட்டு அப்புறம் போன் செய்யலாமா என்றால், ஒழுகிக்கொண்டிருக்கும் பாய்லருக்கு அதைச் செய்வதில் பயனில்லை, முதலில் பழுதைப் பதிவு செய்யுங்கள்.

கம்பெனி முழுதாக மறுத்தாலும் ஒரு விஷயம் மாறாது. வாரண்டி என்பது கம்பெனி தானாகக் கொடுக்கும் வாக்கு. சட்டம் கொடுக்கும் உரிமை தனி, அது நீங்கள் பணம் கொடுத்தவரிடம்தான் இருக்கிறது. 2015ஆம் வருட நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, விற்ற பொருள் திருப்தியான தரத்தில் இருக்க வேண்டும், வேலை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்திருக்க வேண்டும். பாய்லரையும் அவரே வாங்கி அவரே மாட்டினார் என்றால் இரண்டுக்கும் அவர்தான் பொறுப்பு, கம்பெனியைப் பாருங்கள் என்று அவர் தப்பிக்க முடியாது. நீங்களே கடையில் வாங்கிக் கொடுத்து ஆளை வைத்து மாட்டியிருந்தால் பொருளுக்குக் கடைக்காரர், வேலைக்கு மாட்டியவர். முதல் ஆறு மாதத்தில் குறை தெரிந்தால் அது ஆரம்பத்திலேயே இருந்ததாக எடுத்துக்கொள்வார்கள், அதன்பிறகு நிரூபிப்பது உங்கள் வேலை. மூன்று வருடம் ஆகிவிட்டதால் உங்களுக்கு எந்தத் தரப்பையும் சேராத ஒரு கேஸ் சேஃப் எஞ்சினியரின் எழுத்து ரிப்போர்ட் தேவைப்படும், எந்தப் பாகம், ஏன் கெட்டது என்று. அதற்குக் கொடுக்கும் காசை வீணென்று நினைக்காதீர்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இப்படிக் கோர ஆறு வருடம் வரை காலம் இருக்கிறது, ஸ்காட்லாந்தில் ஐந்து.

பணத்தில் ஒரு பகுதியை, முன்பணத்தை மட்டுமாவது, கிரெடிட் கார்டில் அவருக்கு நேராகக் கட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். வேலையின் விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டுக்குள் இருந்தால், 1974ஆம் வருட நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவுப்படி கார்டு வங்கியும் சேர்ந்து பொறுப்பு. போட்டவர் கடையை மூடிவிட்டுப் போயிருந்தாலும் வங்கியிடம் கேட்கலாம், வங்கி மறுத்தாலோ எட்டு வாரம் பதிலில்லாமல் இழுத்தாலோ வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் நிதி ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. கார்டு இல்லை, ஆளும் மசியவில்லை என்றால் தேதி குறித்து ஒரு கடிதம், அப்புறம் ஸ்மால் கிளெய்ம்ஸ் என்ற சிறு தொகை வழக்கு, 10,000 பவுண்டு வரை வக்கீல் இல்லாமலே போடலாம். கடிதம் போனதுமே பலர் வந்து பார்த்துவிடுவார்கள்.

காத்திருக்கும் நாட்களில் இரண்டு காரியத்தைத் தவிருங்கள். ஒன்று, கசிவை அடைக்கும் திரவத்தை சிஸ்டத்தில் ஊற்றுவது. அது பாய்லருக்குள்ளேயே கட்டியாகலாம், பல கம்பெனிகள் அதைக் காரணம் காட்டி வாரண்டியை மறுக்கும். இன்னொன்று, தினமும் தண்ணீர் நிரப்பிச் சமாளிப்பது. ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் புது ஆக்சிஜன் உள்ளே போய் ரேடியேட்டரை அரிக்கிறது, தடுப்பு மருந்து நீர்த்துப்போகிறது, நாளை அந்தக் கருப்புத் தண்ணீரைக் காட்டியே உங்களை மறுக்கலாம். வீட்டில் கைக்குழந்தையோ வயதானவர்களோ இருந்தால் முன்பதிவு செய்யும்போதே சொல்லுங்கள், முன்னால் ஆள் அனுப்ப முயற்சி செய்வார்கள். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இந்த அலைச்சல் எதுவும் இல்லை, 1985ஆம் வருட வீட்டுக்காரர்-வாடகைதாரர் சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி ஹீட்டிங்கும் சுடுதண்ணீரும் வீட்டுக்காரர் பொறுப்பு, வாரண்டி இருக்கிறதா இல்லையா என்பது அவர் பாடு. எழுத்தில் தெரிவியுங்கள், அது போதும்.

கம்பெனிக்கு நாளை பேசும்போது, பாய்லர் ஒழுகுகிறது என்று பொதுவாகச் சொன்னால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் போட்டவரிடம் தள்ளிவிடத்தான் பார்ப்பார். ஹீட்டிங் வால்வுகளை மூடியும் முள் இறங்குகிறது, வெளி இணைப்புகள் காய்ந்திருக்கின்றன, மூடிக்குள்ளிருந்து சொட்டுகிறது, போட்டோ இருக்கிறது என்று சொல்லுங்கள். பழுது வாரண்டிக்குள் வராவிட்டால் கட்டணம் எவ்வளவு என்பதையும் அப்போதே கேளுங்கள், கார்டு எண் வாங்கிக்கொண்டுதான் தேதி கொடுப்பார்கள். எஞ்சினியர் வந்ததும் அவருடைய கேஸ் சேஃப் அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள், பாய்லர் வேலைக்கு அனுமதி அங்கேதான் எழுதியிருக்கும். அவர் மூடியைத் திறக்கும்போது பக்கத்தில் நின்று ஒழுகும் இடத்தைப் படம் எடுக்க அனுமதி கேளுங்கள். வாரண்டியில் வராது என்று சொன்னால் தண்ணீரை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து வைத்துக்கொண்டு, எந்தப் பாகம், எந்தக் காரணம் என்று அவர் கிளம்புவதற்கு முன் எழுத்தில் வாங்கிவிடுங்கள். அந்தத் தாள் கையில் இருந்தால்தான் போட்டவரிடமோ வங்கியிடமோ அடுத்த கேள்வியைக் கேட்க முடியும்.